பொன்னுரங்கத்துக்கு ஒரு மணி நேரம்

சாயங்காலம் நாலு பத்துக்குத் தையல்நாயகியம்மாவிடமிருந்து போன் வந்தபோது, மெஹர் பானு ஸ்டுடியோவில் உட்கார்ந்து தான் எழுதி வைத்திருந்த பக்கங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. கவிஞர் பொன்னுரங்கத்துக்கு அன்றோடு எண்பது வயது நிறைகிறது. பெருங்களத்தூரில் ஒரு கல்லூரியின் மூன்றாவது மாடியில் இயங்கும் ஏரிக்கரை வானொலி அவருக்காக ஒரு மணி நேரத்தை ஒதுக்கியிருந்தது. அந்தக் காலத்து வானொலி மாதிரியே செய்ய வேண்டும் என்பது பானுவின் ஏற்பாடு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர், இசை, பாடல் எழுதியவர் என்று நாலும் வரிசையாகச் சொல்வது. நடுவில் நேயர் கடிதம். எல்லாம் நேரடி ஒலிபரப்பு.

"பானு, அவரு போயிட்டாரும்மா."

கவிஞரின் மனைவி தையல்நாயகியம்மாவின் குரலில் அழுகை இல்லை. யாரோ கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதுபோல் இருந்தது. அதனால் பானுவுக்கு ஒரு நொடி புரியவில்லை.

"மூணே முக்காலுக்கு. கஞ்சி குடிக்கிறியான்னு கேட்டேன். அப்பாலிக்கா குடிக்கிறேன்னாரு. டம்ளரை வச்சிட்டுத் திரும்பறேன், அவ்ளோதான். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பாத்துட்டு, போயிடுச்சுன்னுட்டாரு."

பானுவின் உதடு, மரணச் செய்தி கேட்டதும் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைத் தானாக முணுமுணுத்தது. பொங்கலிலிருந்தே அவர் படுக்கையில்தான் இருந்தார். ஆனாலும் நேற்றுகூடப் போனில், எந்தப் பாட்டு முதலில், எது கடைசி என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டு வாங்கிக்கொண்டாரே.

"நான் இப்பவே வரேன் அக்கா. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிடறேன்."

"அத்துக்குத்தான் போன் பண்றேன். நிறுத்தாதே. எப்படிப் போடணும்னு வச்சிருந்தியோ அப்படியே போடு. அப்பா பொறந்த நாளுன்னு சுபத்ரா ரயில்ல வந்துகினு கீறா, கொழந்தையோட, தனியா. மதுரைல ஏறிட்டா, ஆறரைக்குத் தாம்பரம். செல்லுல, நெட்டுல உன் ப்ரோக்ராமைக் கேட்டுகினேதான் வருவா. காலைலேர்ந்து அதே பேச்சு. நீ ரேடியோல சொல்லி அவ ஓடற வண்டில தெரிஞ்சிக்கணுமா? நிறுத்திட்டாலும் இன்னாவோ ஏதோன்னு கண்டுபுடிச்சிடுவா. எறங்கட்டும். அவ அண்ணன் சிவா போயி கூட்டினு வருவான். வூட்டுக்கு வந்து, மூஞ்சியைப் பாத்து, அப்புறம் அழுவட்டும்."

பானு எண் போட்டிருந்த பக்கங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏழு மணி வரிக்கும் யாராண்டயும் சொல்லப் போறதில்ல. தெருவுலகூடத் தெரியாது. ரேடியோவை அவரு தலமாட்டுல வச்சிட்டேன். நீ போடும்மா."

போன் வைக்கப்பட்டது.

ஏசுபாதம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நிலையத்தின் பொறுப்பாளரும் அவர்தான், ஒலிக்கருவிகளைக் கையாள்பவரும் அவர்தான். ஐம்பது வயது, தாம்பரம் சானடோரியத்தில் வீடு. பானு எழுந்து போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேடம், அது சரியா வராது," என்றார். "செத்துப்போன மனுசனுக்கு பர்த்டே வாழ்த்துப் போட்டாங்கன்னு நாளைக்கு ஊரே பேசும். ரேடியோவுல பொய் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. முப்பத்தோரு வருஷம் பெரிய ஸ்டேஷன்ல இருந்தவங்க நீங்க."

"பொய் சொல்ல மாட்டேன் சார். சொல்லாம இருக்கப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல. வாழ்த்தை எடுத்துடறேன். பிறந்த நாள்ங்கிற பேச்சையே எடுத்துடறேன். அவர் எழுதின பாட்டு, அவர் வாழ்ந்த கதை, அதை மட்டும் சொல்றேன். அதுல எது பொய்?"

"நேயருங்க போன் பண்ணி வாழ்த்து சொல்லுவாங்களே?"

ஏசுபாதம் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து. "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா மேடம்," என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பானு பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கங்களின் முன் உட்கார்ந்தாள்.

பொன்னுரங்கத்தை அவள் நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரை நூறு தடவையாவது ஒலிபரப்பில் சொல்லியிருப்பாள். அஸ்தினாபுரத்தில் பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். நிலமெல்லாம் வீட்டு மனையானபோது அவருக்கு இருபது வயது. பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் சரக்கறையில் வேலைக்குச் சேர்ந்தார். இரவு ஷிப்டில் சாக்குப் படுதாவின்மேல் உட்கார்ந்துதான் முதல் பாட்டை எழுதினார். அறுபது படங்கள், நூற்று நாற்பது பாட்டுகள். ஜனங்களுக்குப் பாட்டு தெரியும், பாடியவரைத் தெரியும். எழுதியவரைத் தெரியாது. நேரம் போதாதபோது அறிவிப்பாளர்கள் முதலில் வெட்டுவது பாடல் எழுதியவரின் பெயரைத்தான். பானு மட்டும் வெட்ட மாட்டாள். எண்பத்தெட்டில் அவளுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. 'அம்மா, நேற்று இரவு ஒன்பதே காலுக்கு என் பெயரை முழுதாகச் சொன்னீர்கள். என் வீட்டில் அடுப்பில் இருந்த பாலைக்கூட மறந்துவிட்டார்கள். பால் பொங்கிப் போனதற்குத் தாங்களே பொறுப்பு. இப்படிக்கு, பொன்னுரங்கம்.' அதிலிருந்து தொடங்கிய பழக்கம். அப்துல் ரசாக்கை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது தையல்நாயகியம்மா மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுபத்ரா அப்போது கைக்குழந்தை.

முதல் பக்கத்தில் 'இன்று எண்பதாவது வயதை நிறைவு செய்யும்' என்று இருந்தது. பானு அதை அடித்தாள். 'நம்மிடையே வாழும்' என்று இருந்ததை அடித்தாள். மூன்றாம் பக்கத்தில் 'இன்றும் காலையில் எழுந்ததும் நாலு வரி எழுதுகிறார்' என்று எழுதியிருந்தாள். 'கிறார்' என்ற முடிவை அழித்து, 'எழுதுவார்' என்று போட்டாள். அது நாளைக்கு எழுதப் போவதையும் குறிக்கும் என்று தோன்றியது. அதையும் அழித்து 'எழுதுவது அவர் வழக்கம்' என்று மாற்றினாள். அதற்கப்புறம் பார்த்த இடமெல்லாம் வினைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு முள்ளாக நின்றது. பிறந்தார், எழுதினார், சிரித்தார். இருக்கிறவருக்கும் போய்விட்டவருக்கும் பொதுவான சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தாள். 'நூறாண்டு வாழ்க' என்ற கடைசி வரியின் மேல் கோடு போடும்போது பென்சில் முனை ஒடிந்தது.

ஐந்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏரிக்கரை வானொலி. நேயர்களுக்கு வணக்கம். அடுத்த ஒரு மணி நேரம் கவிஞர் பொன்னுரங்கத்தின் பாடல்களோடு. உங்களுடன் மெஹர் பானு."

பழக்கப்பட்ட குரல், சொன்னபடி கேட்டது. நிகழ்ச்சியின் முதல் பாட்டு எண்பத்து மூன்றில் ஒரு படத்தில் வந்தது. அந்தப் படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. தாம்பரம் ரயில் நிலையத்தில் கடைசி வண்டியிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தைப் பார்த்து எழுதியது என்று பானு சொன்னாள். பாட்டு ஒலித்தது.

*கடைசி வண்டி போன பின்னும்*
*கதவைச் சாத்த மனசில்லே*
*எந்த வண்டியில் வருவேன்னு*
*எனக்குச் சொல்ல ஆளில்லே*

பாட்டு ஓடும்போது மைக் அணைந்திருக்கும். அந்த நாலு நிமிடமும் அவள் மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஸ்தினாபுரத்தில் அந்த முன்னறையில் இதே பாட்டு இப்போது கேட்டுக்கொண்டிருக்கும். தையல்நாயகியம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். வாசற்கதவைச் சாத்தி வைத்திருப்பார், தெருவுக்குத் தெரியாமல் இருக்க.

இரண்டு கடிதங்களை வாசித்தாள். இன்னும் இரண்டு பாட்டு போனது. ஐந்து இருபத்தைந்துக்கு முதல் போன் வந்தது.

"அக்கா, நான் திருமுடிவாக்கத்துலேர்ந்து பேபி பேசறேன். லேத் பட்டறைல வேலை. இங்க கரண்டு போச்சுன்னா மெஷின் சத்தம் எல்லாம் நின்னுடும்ல, அப்ப நாங்க பாடற பாட்டே சாரு பாட்டுதான். இன்னிக்கு சாருக்குப் பொறந்த நாளாமே, போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. சாரு நூறு வருசம் நல்லா இருக்கணும். என் ஆயுசுல ஒரு பத்து வருசம் எடுத்துக்கட்டும்."

கண்ணாடிக்கு அப்பால் ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க மனசை உங்க வாயாலயே சொல்லிட்டீங்க பேபி," என்றாள் பானு. "பட்டறையில எந்தப் பாட்டை அதிகமாப் பாடுவீங்க?"

பேபி சொன்னாள். பானு அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். பொய் எதுவும் சொல்லவில்லை என்று தனக்குள் சரிபார்த்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஏசுபாதம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். 'சுபத்ரா. லைனில்.'

பானு எழுந்து கதவருகே போனாள்.

"ரயில்லேர்ந்து பேசறாங்க," என்றார் ஏசுபாதம். "அப்பாவுக்கு வாழ்த்து சொல்லணுமாம். சிக்னல் கிடைக்கலைன்னு சொல்லிக் கட் பண்ணிடட்டுமா?"

பானு யோசித்தாள். தகப்பனுக்கான நிகழ்ச்சியில் மகளைப் பேசவிடவில்லை என்றால் அந்தப் பெண் அடுத்து எங்கே போன் பண்ணுவாள்? வீட்டுக்கு. யாரும் எடுக்க மாட்டார்கள். அப்புறம் அக்கம்பக்கத்துக்கு. "குடுங்க," என்றாள்.

"ஆன்ட்டி! நான்தான், சுபத்ரா! விழுப்புரம் தாண்டி ரொம்ப நேரமாச்சு. மூணு தடவை ட்ரை பண்ணி இப்பத்தான் லைன் கிடைச்சுது." பின்னால் ரயிலின் சத்தமும் டீ விற்பவரின் குரலும் கேட்டன. "ப்ரோக்ராம் சூப்பர் ஆன்ட்டி. எங்க கம்பார்ட்மென்ட்ல நாலு பேரு சேர்ந்து கேக்கறோம். இது எங்க அப்பான்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க!"

"நல்லா வந்துக்கிட்டு இருக்கீங்களாம்மா?"

"வந்துக்கிட்டே இருக்கேன். ஆன்ட்டி, அம்மா போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. அப்பா கேட்டுக்கிட்டுத்தானே இருக்காரு?"

வானொலியில் மூன்று நொடி மௌனம் என்பது மிக நீளம். கேட்பவன் பெட்டியைத் தட்டிப் பார்ப்பான். பானு அந்த மூன்று நொடியை எடுத்துக்கொண்டாள்.

"ரேடியோ அவர் தலைமாட்டுலதான் பாடிக்கிட்டு இருக்கும்மா. உங்க குரல் இப்ப அந்த வீடு பூராக் கேக்கும். நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

"அப்பா," என்று சுபத்ரா உடனே ஆரம்பித்தாள். "ஹேப்பி பர்த்டேப்பா. கேக்கு வேணாம்னு சொல்லுவே, தெரியும், வாங்கிட்டுத்தான் வரேன். உன் பேத்தி ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கறா. ஆன்ட்டி, எனக்கு அந்த சீப்புப் பாட்டைப் போடணும். என்னைப் பத்தி எழுதின பாட்டு அது. எனக்கு அப்ப அஞ்சு வயசு, தலை வாரிக்கவே மாட்டேன்." அவள் சிரித்துக்கொண்டே பாடத் தொடங்கினாள்.

*சீப்பைக் கண்டா ஓடுறா*
*சிங்காரச் சிட்டு*
*சிக்கெடுக்க வந்தவளைச்*
*சிரிச்சு ஏச்சுப்புட்டு*

ரயில் பெட்டியில் யாரோ கைதட்டினார்கள். "தாத்தா, டாட்டா!" என்று ஒரு மழலைக் குரல் கத்தியது. பானு பாட்டின் விவரங்களை நாலும் வரிசையாகச் சொன்னாள். "பாடல் எழுதியவர், பொன்னுரங்கம்" என்று முடித்தபோது சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குனிந்தாள். ஏசுபாதம் உள்ளே வந்து தண்ணீர் பாட்டிலை அவள் முன் வைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"போதும் மேடம். மிச்சத்துக்குப் பாட்டாவே ஓட்டிடலாம்."

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு சார். நேத்து அவர்கிட்ட வரிசையைச் சொல்லியிருக்கேன். அது மாறக் கூடாது."

மாறவில்லை. ஆறு மணிக்கு அவள் நன்றி சொல்லி முடித்தபோது அடித்துப்போட்ட வரிகளில் ஒன்றுகூட வாய் தவறி வெளியே வரவில்லை.

ஏசுபாதம் அவளைத் தன் ஸ்கூட்டரில் அஸ்தினாபுரத்துக்குக் கூட்டிப்போனார். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது ஏழாகிவிட்டது. வீட்டுக்கு முன்னால் அப்போதுதான் ஷாமியானா கட்டத் தொடங்கியிருந்தார்கள். சிவகுமார் தங்கையைக் கூட்டிவந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து வந்த அழுகைச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பானு செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். பொன்னுரங்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முகம் சாதாரணமாக இருந்தது. தையல்நாயகியம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

சுபத்ரா பெட்டியின் மேல் சாய்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தவள் பானுவைப் பார்த்தாள். எழுந்து நேரே அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பேசினப்ப உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் என்னைப் பாட விட்டீங்க."

பானு தலையசைத்தாள்.

"நான்தான்டி சொல்ல வேணாம்னேன்," என்றார் தையல்நாயகியம்மா. "பாவம், அவளைக் கேக்காதே. நீ ரயில்ல தனியா வந்துகினு இருந்தே..."

"உன்னைக் கேக்கலைம்மா. இவங்களைக் கேக்கறேன்." சுபத்ராவின் குரல் உயரவில்லை. "ஊரே கேக்கச் சிரிச்சேன் ஆன்ட்டி. எங்கப்பா இப்படிக் கிடக்கறப்ப கேக்கு வாங்கினேன்னு சொன்னேன். அந்த நாலு பேரும் தாம்பரத்துல இறங்கறப்பகூட அப்பாவுக்கு வாழ்த்து சொல்லிட்டுப் போனாங்க. ஸ்டேஷன் வாசல்ல அண்ணன் மூஞ்சியைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்தை, போனை வச்சிட்டுத் தனியாவாவது..."

பானுவிடம் சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. ஸ்டுடியோவிலிருந்து வரும் வழியெல்லாம் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். இங்கே அந்த முகத்துக்கு முன்னால் ஒன்றையும் எடுத்து நீட்ட முடியவில்லை.

"அம்மா சொன்னது எனக்கு நியாயமாப் பட்டுது. உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு நான் முழுசா யோசிக்கலை. மன்னிச்சிடும்மா."

சுபத்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ரேடியோல நீங்கதான் சொல்லணும்," என்றாள். "வேற யாரும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாம வச்சிருந்தீங்கன்றதையும் சேத்துச் சொல்லணும். நான் சிரிச்சதைக் கேட்டவங்க எல்லாருக்கும் அது தெரியணும்."

"சொல்றேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிலையம் வழக்கமாகப் பக்திப் பாடலோடு தொடங்கும். அன்று ஏசுபாதம் அதை நிறுத்தி வைத்திருந்தார். பானு ராத்திரி எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதிய ஒரே ஒரு தாளைக் கையில் வைத்திருந்தாள். விளக்கு எரிந்தது.

"ஏரிக்கரை வானொலி. நேயர்களுக்கு ஒரு துயரச் செய்தி. கவிஞர் பொன்னுரங்கம் நேற்றுப் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு அஸ்தினாபுரத்தில் தமது இல்லத்தில் காலமானார். நேற்று மாலை ஐந்து மணிக்கு அவருடைய பாடல்களை உங்களுக்கு வழங்கியபோது இந்தச் செய்தி எனக்குத் தெரியும். அவருடைய மகள் சுபத்ரா அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தார். தகப்பனார் காலமானது அவருக்குத் தெரியாது. அவர் வீடு வந்து சேரும் வரை சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் நான் சொல்லவில்லை. அவரைப் பேச வைத்ததும் பாட வைத்ததும் நான்தான். அவரிடமும், வாழ்த்துச் சொன்ன நேயர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கவிஞரின் உடல் காலை பத்து மணி வரை அவருடைய இல்லத்தில் வைக்கப்பட்டிருக்கும். அறிவித்தவர் மெஹர் பானு."

பாட்டு எதுவும் போடவில்லை. ஒரு நிமிடம் வெறுமனே விட்டுவிட்டு ஏசுபாதம் அடுத்த நிகழ்ச்சிக்கு மாற்றினார். உடனே தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார்.

"அக்கா, நான் பேபி. நேத்து நூறு வருசம் இருக்கணும்னு பேசிட்டேனே, தப்பா பூடுச்சா?"

"ஒரு தப்பும் இல்ல பேபி."

"எந்தத் தெருவுன்னு சொல்லுங்கக்கா. நாங்க பட்டறைலேர்ந்து ஆறு பேரு வரோம். ஓனராண்ட பர்மிசன் கேட்டாச்சு."

பானு தெருவின் பெயரைச் சொன்னாள். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்றும் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தன் கைபேசியைப் பார்த்தாள். சுபத்ராவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ஒரே ஒரு சொல்.

'கேட்டோம்.'

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கி, அஸ்தினாபுரத்துக்கு ஆட்டோ பிடிக்கச் சாலைக்கு வந்தாள்.